10 மி.மீ. கம்பியைக் கையால் வளைக்க எவ்வளவு விசை வேண்டும்?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 10 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பை 250 மெகாபாஸ்கல் தகைவால், அதாவது ஒரு சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன் விசையால், பெருக்கிப் பார்த்திருக்கிறீர்கள். ஏறக்குறைய 19,600 நியூட்டன், அதாவது 2 டன் எடைக்குச் சமமான விசை வந்திருக்கிறது. ஆனால் கட்டட வேலையில் கம்பி கட்டுபவர்கள் அதே கம்பியைப் பேசிக்கொண்டே வளைத்துப்போடுவதையும், காணொளி ஒன்றில் ஒருவர் தடித்த ஆணியை வெறுங்கையால் மடக்குவதையும் பார்த்திருக்கிறீர்கள். கணக்கு தவறா, காட்சி பொய்யா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், 10 மி.மீ. வரை வளைக்கச் சிறிய கைக்கருவி ஒன்றை நீங்களே செய்துகொள்ளப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, கைப்பிடியின் நீளத்தையும், கம்பியைத் தாங்கி வளைக்கும் ஊசிகளின் (தகட்டில் நிற்கும் தடித்த எஃகுக் குச்சிகளின்) பருமனையும் எந்த எண்ணை நம்பி முடிவுசெய்வது என்பதற்கான விடை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டுமானத் தளங்களிலும் பொருள்களின் வலிமையைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்திலும் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். மேடையில் ஆணி வளைப்பவன் அல்லன். அந்தப் பகுதியில் நான் சொல்வது கணக்கிலிருந்து வருவது, அனுபவத்திலிருந்து அல்ல என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

உங்கள் 2 டன் கணக்கில் பிழை எதுவும் இல்லை. அது வேறொரு கேள்விக்கான விடை, அவ்வளவுதான். கம்பியின் இரு முனைகளையும் பிடித்து நேராக இழுத்து நீட்ட வேண்டுமானால் அந்த 2 டன் கட்டாயம் வேண்டும். வளைக்கும்போது நடப்பது வேறு. வளைவின் வெளிப்பக்கத்தில் உள்ள எஃகு நீள்கிறது, உட்பக்கத்தில் உள்ளது நெருக்கப்படுகிறது, நடுவில் ஓர் அச்சு ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. கம்பியின் வெளிப் பாதி ஒரு திசையிலும் உட்பாதி எதிர்த்திசையிலும் தலா 1 டன் விசையோடு எதிர்க்கின்றன. இந்த இரண்டு 1 டன் விசைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. அரைவட்டத்தின் பரப்பு மையம், வட்டத்தின் மையத்திலிருந்து விட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தொலைவில் இருக்கும். ஆகவே 10 மி.மீ. கம்பிக்குள் அந்த இரு விசைகளுக்கும் இடைப்பட்ட தூரம் 4.24 மி.மீ. மட்டுமே. ஏறக்குறைய 9,820 நியூட்டனை 4.24 மி.மீ. ஆல் பெருக்கினால் 41.7 நியூட்டன் மீட்டர் வருகிறது. எஃகு 4 மி.மீ. நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு 1 டன்னோடு எதிர்க்கிறது. நீங்கள் 40 செ.மீ. நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு 10.6 கிலோ எடையளவு விசையோடு அதை வெல்கிறீர்கள். கணக்கும் சரி, காட்சியும் மெய்.

இதிலிருந்து முதலில் விளங்க வேண்டியது, "இந்தக் கம்பியை வளைக்க எத்தனை கிலோ" என்ற கேள்விக்கு விடையே கிடையாது என்பது. கம்பிக்கு உரியது திருப்புத்திறன். அதாவது விசையும், வளையும் இடத்திலிருந்து அந்த விசைக்குள்ள செங்குத்துத் தூரமும் சேர்ந்த பெருக்கல். கிலோ என்பது நீங்கள் எங்கே பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே கணக்கை எப்போதும் இரண்டு படிகளாகச் செய்யுங்கள்: முதலில் கம்பி கேட்கும் திருப்புத்திறன், பிறகு உங்கள் பிடியின் தூரத்தால் அதை வகுத்துக் கிடைக்கும் விசை.

முதல் படிக்கான சூத்திரம் எளிது. உருண்டைக் கம்பி முழுமையாக இளகி வளைவதற்கான திருப்புத்திறன், யீல்டு தகைவை (எஃகு இளகி, அதாவது விட்டாலும் திரும்பாதபடி உருமாறத் தொடங்கும் தகைவை) விட்டத்தின் மும்மடியால் பெருக்கி 6 ஆல் வகுத்தால் வரும். தகைவை மெகாபாஸ்கலிலும் விட்டத்தை மில்லிமீட்டரிலும் போட்டால் விடை நியூட்டன் மில்லிமீட்டரில் கிடைக்கும். 1000 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். பாடநூல்களில் 6 ஆல் வகுப்பதற்குப் பதிலாக, π என்ற வட்ட மாறிலியை 32 ஆல் வகுத்த எண்ணைக் கொண்ட இன்னொரு சூத்திரம் இருக்கும். அது கம்பியின் மேற்பரப்பு மட்டும் முதன்முதலில் இளகத் தொடங்கும் நிலைக்கு உரியது. உத்தரம் வடிவமைப்பவர்களுக்கு அது தேவை, ஏனென்றால் அவர்கள் வளையாமல் காக்கப் பார்க்கிறார்கள். வளைத்தே தீர வேண்டியவருக்கு அது போதாது. உருண்டைக் கம்பியில் இரண்டுக்கும் இடையே 1.7 மடங்கு வித்தியாசம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் கணக்குக் கருவிகள் பலவும் முதல் இளகல் நிலையையே காட்டுவதால், அவற்றை நம்பிக் கருவி செய்பவர்களுக்குக் கைப்பிடி நீளம் போதாமல் போகிறது.

இந்த அளவு வரை சொன்னவை உறுதியானவை. விட்டத்தின் மும்மடி என்பதும் 6 என்பதும் வடிவியலிலிருந்து வருபவை, விவாதத்துக்கு இடமில்லை. ஐயத்துக்கு இடமானது யீல்டு தகைவு. நீங்கள் போட்ட 250 மெகாபாஸ்கல், சாதாரண மென் எஃகுக்குத் தரநிலை கேட்கும் குறைந்தபட்ச மதிப்பு. குறைந்தபட்சம் என்றால் அதற்குக் கீழே போகக் கூடாது என்று பொருள். உருட்டாலையிலிருந்து வரும் கம்பி பெரும்பாலும் 280, 300, சில வேளை 350 கூடக் காட்டும். கட்டடம் பாதுகாப்பாக நிற்குமா என்று பார்ப்பவருக்குக் குறைந்த மதிப்பே நல்லது. கையால் வளைக்கப் போகிறவருக்கு அதே மதிப்பு ஏமாற்றும். மென் எஃகுக்கு 300 என்று வைத்துக்கொண்டால் 6 மி.மீ. கம்பி 11 நியூட்டன் மீட்டர் கேட்கும், 8 மி.மீ. 26, 10 மி.மீ. 50, 12 மி.மீ. 86, 16 மி.மீ. 205.

ஆனால் இன்று கட்டடப் பொருள் கடையில் நீங்கள் வாங்கும் கம்பி மென் எஃகு அல்ல. அது முறுக்குக் கம்பி என்று பழக்கத்தில் இன்னமும் அழைக்கப்படும் டி.எம்.டி. கம்பி. அதன் மேல் எஃப்இ 500 அல்லது எஃப்இ 550 என்று பொறித்திருக்கும். அந்த எண்தான் அதன் குறைந்தபட்ச யீல்டு தகைவு, மெகாபாஸ்கலில். எஃப்இ 500 கம்பிக்கு 550 என்று எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு நெருக்கமானது. அப்படியானால் 8 மி.மீ. 47, 10 மி.மீ. 92, 12 மி.மீ. 158, 16 மி.மீ. 375 நியூட்டன் மீட்டர். மென் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இதில் கூடுதலாக ஒரு நுட்பம் உண்டு. டி.எம்.டி. கம்பியை உருட்டியவுடன் நீரால் சட்டெனக் குளிர்விப்பதால் அதன் வெளிவளையம் கடினமாகவும் உள்ளகம் மென்மையாகவும் அமைகிறது. இழுத்துப் பார்க்கும் சோதனை இரண்டின் சராசரியைத்தான் காட்டும்; வளைக்கும்போதோ வெளிவளையம்தான் அதிகம் உழைக்கிறது. ஆகவே சான்றிதழில் உள்ள தகைவை வைத்துக் கணக்கிட்டதைவிடக் கம்பி சற்றுக் கூடுதலாகவே எதிர்க்கும். எவ்வளவு கூடுதல் என்பது வளையத்தின் தடிமனைப் பொறுத்தது, அது ஆலைக்கு ஆலை மாறும்.

பட்டறைக் கம்பிகளிலும் இதே வகையான ஏமாற்றம் உண்டு. பிளாக் பார் என்று விற்கப்படும் சூடாக உருட்டிய கம்பியும், பிரைட் பார் என்று விற்கப்படும் குளிர்நிலையில் இழுத்துத் தேய்த்த பளபளப்பான கம்பியும் ஒரே விட்டத்தில், ஒரே வேதி இயைபில் இருந்தாலும், இரண்டாவதன் யீல்டு தகைவு ஒன்றரை மடங்கு அல்லது அதற்கும் மேலே இருக்கலாம். ஆணிகள் குளிர்நிலையில் இழுத்த கம்பியிலிருந்து செய்யப்படுவதால் அவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

அடுத்த திருத்தம் கெட்டிப்படுதல். எஃகு இளகத் தொடங்கிய பிறகு அதே தகைவில் நிற்பதில்லை. நீள நீள இன்னும் கடினமாகிறது. எவ்வளவு கடினமாகும் என்பது வளைவு எவ்வளவு இறுக்கமானது என்பதைப் பொறுத்தது. கம்பியின் நான்கு மடங்கு விட்டமுள்ள உருளையைச் சுற்றி வளைத்தால் வெளிப்புற எஃகு 20 விழுக்காடு நீள வேண்டும். எஃப்இ 500 கம்பிக்கு 20 மி.மீ. விட்டம் வரை இந்தியத் தரநிலையின் வளைவுச் சோதனை கேட்பது இந்த இறுக்கத்தைத்தான். டி.எம்.டி. கம்பிக்கு முதல் கணக்கின் மேல் 15 முதல் 25 விழுக்காடும், மென் எஃகுக்கு 30 முதல் 50 விழுக்காடும் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். மென் எஃகில் இது அதிகமாக இருக்கக் காரணம், அதன் யீல்டு தகைவுக்கும் அறும் தகைவுக்கும் இடையே உள்ள இடைவெளி பெரிது. முழங்காலில் வைத்துப் பரந்த வில்லாக வளைத்தால் இந்தக் கூடுதல் ஏறக்குறைய இல்லாமலே போகும்.

விட்டத்தைப் பற்றி ஒரு சொல். மும்மடி என்பதால், 8 மி.மீ. கம்பியிலிருந்து 10 மி.மீ. கம்பிக்குப் போனால் எதிர்ப்பு ஏறத்தாழ இரட்டிக்கிறது, 12 மி.மீ. என்றால் 3.4 மடங்கு. விட்டத்தை அளப்பதில் 5 விழுக்காடு பிசகினால் விடை 15 விழுக்காடு பிசகும். வரிக்கம்பியை வெர்னியரால் அளந்தால் வரியின் மேல் ஓர் எண், வரிகளுக்கிடையில் ஓர் எண் என்று வரும். தளத்தில் எல்லாரும் அறிந்த வழி, ஒரு மீட்டர் கம்பியை எடைபோட்டு, விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும் என்ற விதியைத் தலைகீழாகப் பயன்படுத்துவது. 10 மி.மீ. கம்பி மீட்டருக்கு 617 கிராம் இருக்க வேண்டும். 560 கிராம்தான் இருக்கிறது என்றால் அது உண்மையில் 9.5 மி.மீ. கம்பி. வளைக்க எளிது, கட்டடத்தில் போடுவது வேறு விஷயம்.

இனி இரண்டாவது படி, பிடிக்கும் தூரம். கம்பியின் ஒரு பக்கத்தை வைஸில் இறுக்கி மறுபக்கத்தை இழுத்தால், வைஸின் வாயிலிருந்து கைக்குள்ள தூரமே நெம்புகோல். முழங்காலில் வைத்து இரு கையாலும் இழுத்தால், ஒரு கையிலிருந்து முழங்காலுக்குள்ள தூரமே நெம்புகோல். ஒவ்வொரு கையும் முழு விசையையும் தர வேண்டும், முழங்கால் அதன் இரு மடங்கைத் தாங்க வேண்டும். கம்பி வளைய வளைய இழுக்கும் திசையையும் கூடவே திருப்பிக்கொண்டு போக வேண்டும். நின்ற இடத்திலேயே நின்று ஒரே திசையில் இழுத்தால் செங்குத்துத் தூரம் குறைந்து, 60 பாகையில் பாதியாகிவிடும். பாதி வளைத்த பிறகு கம்பி "முரண்டு பிடிக்கிறது" என்று சொல்பவர்களில் பலருக்கு நேர்வது இதுதான்.

தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் விசை குறைந்துகொண்டே போகும் என்று நினைப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 8 மி.மீ. எஃப்இ 500 கம்பியை ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்து இழுத்தால், 47 நியூட்டன் மீட்டரை எட்டும்போது கம்பியின் முனை மீள்தன்மையாலேயே ஏறக்குறைய 40 செ.மீ. நகர்ந்திருக்கும், விட்டால் திரும்பிவிடும். கம்பி வில்லாகிவிடுகிறதே தவிர மடிவதில்லை. ஆகவே நெம்புகோல் கம்பியாக இருக்கக் கூடாது. கம்பியின் மேல் விறைப்பான ஜி.ஐ. பைப்பைச் சொருகி, பைப்பின் வாயை வளைய வேண்டிய இடத்துக்கு அருகே கொண்டுவர வேண்டும். அப்போது வளைவும் ஒரே இடத்தில் விழும்.

மனிதர் எவ்வளவு விசை தர முடியும் என்பது இந்தக் கணக்கின் மிகத் தளர்வான கண்ணி. கீழ்நோக்கி அழுத்துபவர், கால் எதிலும் மாட்டியிராதபோது, தம் உடல் எடையைத் தாண்ட முடியாது. கிடைமட்டமாக இழுப்பவரைத் தரையின் உராய்வு கட்டுப்படுத்துகிறது. காய்ந்த தரையில் உடல் எடையின் பாதியளவு எதிர்பார்க்கலாம், மணலும் தூசியும் கிடந்தால் அதுவும் இல்லை. ஒருமுறை செய்து காட்டுவதற்கு 30 கிலோ விசை பலருக்கும் முடியும். நாள் முழுவதும் ரிங் (தூண், உத்தரக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) வளைப்பதற்கு 10 முதல் 15 கிலோவுக்கு மேல் வைத்துக் கருவி அமைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதை வைத்துத் தள நடைமுறையைச் சரிபார்க்கலாம். 8 மி.மீ. ரிங்குக்குக் கெட்டிப்படுதலையும் சேர்த்து 59 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் கைப்பிடியில் 12 கிலோ. 12 மி.மீ. கம்பிக்கு ஒரு மீட்டர் கைப்பிடியில் 20 கிலோ. 16 மி.மீ. கம்பிக்கு ஒன்றரை மீட்டரில் 32 கிலோ. 20 மி.மீ. கம்பி அதே ஒன்றரை மீட்டரில் 62 கிலோ கேட்கும்; அங்கே இரண்டாவது ஆள் வருகிறார், அல்லது இயந்திரம் வருகிறது. எந்தச் சூத்திரமும் தெரியாமலே தளத்தில் உருவாகியிருக்கும் எல்லை இந்தக் கணக்கோடு ஒத்துப்போவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

இங்கே பலரும் விசையையும் வேலையையும் குழப்பிக்கொள்கிறார்கள். 10 மி.மீ. டி.எம்.டி. கம்பியை 90 பாகை வளைக்கச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 175 ஜூல்தான். 18 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்கு ஆகும் அளவு. நெம்புகோலை நீட்டினாலும் குறுக்கினாலும் இந்த அளவு மாறாது. வளைக்க முடியாமல் போவது ஆற்றல் போதாமையால் அல்ல, பிடிக்க இடம் போதாமையால்.

காணொளியில் பார்த்த ஆணிக்கு இப்போது வரலாம். இத்துறையில் பரவலாக அறியப்பட்ட ஓர் அளவுகோல், அயர்ன்மைண்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் "சிவப்பு ஆணி": 7 அங்குல நீளமும் 5/16 அங்குல விட்டமும் உள்ள, குளிர்நிலையில் உருட்டிய எஃகுத் துண்டு. விட்டம் 7.94 மி.மீ.; தகைவை 550 என்று கொண்டால் 46 நியூட்டன் மீட்டர். 40 செ.மீ. தள்ளிப் பிடிக்க முடிந்தால் அது வெறும் 12 கிலோ வேலை. ஆனால் மொத்த நீளமே 18 செ.மீ.க்குக் குறைவு. ஒவ்வொரு கையும் தன் பாதியைப் பற்றி, உள்ளங்கையின் வெளிவிளிம்பால் ஒரு பக்கமும் கட்டைவிரல் பக்கத்தால் எதிர்ப்பக்கமும் தள்ள வேண்டும். இந்த இரு புள்ளிகளுக்கும் இடையே 6 செ.மீ. இருந்தால், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 78 கிலோ எடையளவு விசை விழுகிறது. தோல் துண்டைச் சுற்றிக்கொள்வது இந்த அழுத்தம் கையைக் கிழிக்காமல் இருப்பதற்காக. அந்த 6 செ.மீ. என் ஊகம், 5 என்றால் 94 கிலோ, 8 என்றால் 59. கையின் அகலமும், பிடிக்கும் பாணியும், துணி எவ்வளவு கனமாகச் சுற்றப்பட்டிருக்கிறது என்பதும் விடையை இந்த அளவுக்கு மாற்றும். ஆகவே வெறுங்கையால் குட்டைக் கம்பியை வளைப்பதற்கு யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், எந்தத் தூரத்தில் என்று கேளுங்கள்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் உண்டு. அலெக்சாண்டர் சாஸ், ஜோ கிரீன்ஸ்டைன் போன்ற மேடை வலிமையாளர்கள் காலத்திலிருந்து நீளமான தடித்த கம்பிகளை வளைத்துக் காட்டும் வழக்கம் இருந்துவருகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு 16 மி.மீ. கம்பி பிரமாண்டமாகத் தெரியும். ஆனால் அது மென் எஃகாக இருந்து, கழுத்துக்குப் பின்னால் வைத்து இருபுறமும் 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால், ஒரு கைக்கு 35 கிலோ போதும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கழுத்து 70 கிலோவைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை, அதனாலேயே யாரும் முயன்று பார்க்க வேண்டாம் என்றும் சொல்கிறேன். ஆயினும் விசைக் கணக்கில் அந்தக் குட்டை ஆணிதான் கடினமான வேலை. பார்வையாளர்கள் விட்டத்துக்குக் கைதட்டுகிறார்கள், நீளத்தைக் கவனிப்பதில்லை.

மற்ற வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டைக்கும் சதுரக் கம்பிக்கும் தகைவை அகலத்தாலும், வளையும் திசையில் உள்ள தடிமனின் வர்க்கத்தாலும் பெருக்கி 4 ஆல் வகுக்க வேண்டும். ஜன்னல் கிரில்லுக்கு வாங்கும் 25 மி.மீ. அகலமும் 6 மி.மீ. தடிமனும் உள்ள மென் எஃகுப் பட்டை, படுக்கைவாட்டில் 68 நியூட்டன் மீட்டரில் வளையும். செங்குத்தாக நிறுத்தி வளைக்கப் பார்த்தால் 280 கேட்கும், அதற்குள் முறுகிச் சாய்ந்தும் விடும். குழாய்க்கு இந்தச் சூத்திரங்களை நம்பாதீர்கள்; அது இளகுவதற்கு முன்பே நசுங்கத் தொடங்கலாம். ஸ்பேனர், சுருள்வில், உளி போன்ற கடினமாக்கப்பட்ட எஃகுப் பொருள்களுக்கும் இது பொருந்தாது. அவை வளையாமல் முறிந்து தெறிக்கக்கூடும்.

கருவி செய்பவர் மறக்கக் கூடாத இன்னொன்று மீள்வு. கைப்பிடியை விட்டவுடன் கம்பி கொஞ்சம் திரும்பும். 40 மி.மீ. உருளையைச் சுற்றி 10 மி.மீ. கம்பியை 90 பாகை வளைத்தால் வளைவுப் பகுதியில் மட்டும் 2 பாகைக்குச் சற்று மேல் மீளும். முழங்கால் போன்ற 20 செ.மீ. ஆர வளைவில் அதே கம்பி 17 பாகை வரை மீளும். ஆகவே கருவியின் நிறுத்தக் கட்டையை 90 இல் வைக்காமல் 95 வரை போக இடம் விடுங்கள். சூடாக்கினால் எளிதாகுமே என்று கேட்கலாம். மென் எஃகை நன்றாகச் சிவக்கக் காய்ச்சினால் எதிர்ப்பு மிகவும் குறையும், கொல்லர் பட்டறை நடப்பதே அதனால்தான். ஆனால் கட்டடத்தில் போடப் போகும் டி.எம்.டி. கம்பியைச் சூடாக்கவே கூடாது; அதன் வலிமை இருப்பது அந்தக் கடினமான வெளிவளையத்தில், சூடு அதை இளக்கிவிடும்.

தகைவு தெரியாத கம்பி கையில் இருந்தால் ஊகிப்பதைவிட அளப்பது எளிது. வைஸில் இறுக்கி, பைப்பைச் சொருகி, வைஸ் வாயிலிருந்து சரியாக 50 செ.மீ. இல், பயணப் பெட்டி எடை பார்க்கும் கைத்தராசை மாட்டிக் கிடைமட்டமாக, பைப்புக்குச் செங்குத்தாக மெதுவாக இழுங்கள். எண் ஏறிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் கம்பி நகர்ந்துகொண்டிருக்க எண் அதிகம் ஏறாமல் நிற்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக 8 மி.மீ. கம்பிக்கு 6 கிலோ என்று வந்தால், 29 நியூட்டன் மீட்டர்; 6 ஆல் பெருக்கி விட்டத்தின் மும்மடியால் வகுத்தால் 345 மெகாபாஸ்கல். ஆலைச் சான்றிதழை வைத்துக் கணக்கிட்டால் விடை 15 அல்லது 20 விழுக்காட்டுக்குள் நிற்கும் என்று நம்பலாம். சான்றிதழும் இல்லை, அளக்கவும் இல்லை என்றால் உண்மை விடை உங்கள் கணக்கின் இரு மடங்காகவும் இருக்கலாம்.

கடைசியாக உங்கள் கருவி. 10 மி.மீ. எஃப்இ 500 கம்பிக்குக் கெட்டிப்படுதலோடு சேர்த்து 110 நியூட்டன் மீட்டர். 15 கிலோ விசை என்று வைத்தால் கைப்பிடி 75 செ.மீ. இருக்க வேண்டும். ஆனால் கருவியின் உறுதியை 110 க்கு அல்லாமல் 150 க்குக் கணக்கிடுங்கள்; எஃப்இ 550 கம்பியும் வரும், ஊசிகளில் உராய்வும் உண்டு. கவனிக்க வேண்டியது ஊசிகளை. நடு ஊசியிலிருந்து பக்க ஊசிகள் 40 மி.மீ. தள்ளி இருந்தால், ஒவ்வொரு பக்க ஊசியும் 3,750 நியூட்டனும் நடு ஊசி 7,500 நியூட்டனும், அதாவது 760 கிலோ எடையளவும் தாங்க வேண்டும். உங்கள் கை தருவது அதிகம் போனால் 20 கிலோ. அந்த விசை தகட்டிலிருந்து 10 மி.மீ. உயரத்தில் விழுந்தால் நடு ஊசியின் அடியில் 75 நியூட்டன் மீட்டர் வரும். குறைந்தபட்சத் தகைவான 250 ஐ வைத்துப் பார்த்தால் 10 மி.மீ. மென் எஃகு ஊசி 42 இலேயே மடங்கிவிடும், 12 மி.மீ. 72 இல், கம்பிக்கு முன்னால் ஊசி வளையும். 16 மி.மீ. ஊசி தாங்கும், 20 மி.மீ. போட்டு அதன் மேல் 40 மி.மீ. விட்டமுள்ள புஷ்ஷை (உருளை வடிவ உறையை) மாட்டினால் வளைவின் ஆரமும் சரியாக அமையும். ஊசிகளைத் தகட்டின் மேல் வைத்து வெல்டு செய்யாதீர்கள்; 12 மி.மீ. தகட்டில் துளையிட்டு உள்ளே இறக்கி, அடிப்பக்கத்தில் வெல்டு வையுங்கள். தகட்டை மேசையில் பூட்டும் போல்ட்டுகளும் அதே 150 நியூட்டன் மீட்டரைத் தாங்க வேண்டும். இரண்டு போல்ட்டுகளை 15 செ.மீ. இடைவெளியில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 100 கிலோ பக்கவாட்டு விசை வரும், 10 மி.மீ. போல்ட் அதற்குத் தாராளமாகப் போதும், மேசையையும் தரையோடு பிணைத்திருந்தால்.